டென்ட்டை மடித்து வைக்கும் முன்: முகாம் சாமான்களைக் கழுவி, உலர்த்தி, பத்திரப்படுத்தும் முறை

ஞாயிறு ராத்திரி கொல்லிமலையிலிருந்தோ மேகமலையிலிருந்தோ காரைக்குடி வந்து இறங்கும்போது உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கும். பையை மூலையில் சாத்திவிட்டுப் படுத்துவிடத் தோன்றும். மறுநாள் வேலை, அதற்கு அடுத்த நாள் ஒரு கல்யாணம் என்று நாள் ஓடி, பத்து நாள் கழித்துப் பையைத் திறந்தால் புளித்த வாடை அடிக்கும். டென்ட்டின் மேல் போர்த்தும் மழைத்துணியின் மடிப்புகளில் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி விழுந்திருக்கும். ஈரத்துணியைச் சுருட்டி வைத்தால் நம் ஊர் வெக்கையில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்து வாங்கிய டென்ட் பெரும்பாலும் வீணாவது இப்படி வீட்டுக்குள் கிடந்துதான். காட்டு மழையும் காற்றும் அதை அவ்வளவு லேசில் கெடுத்துவிடாது.

மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய்த் திரும்புகிறவர்களின் தார்ப்பாய், படுக்கை, தண்ணீர்க் கேன் எல்லாவற்றுக்கும் கீழே சொல்வது பொருந்தும்.

வந்த ராத்திரியே செய்ய வேண்டியது

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் 15 நிமிடம் ஒதுக்குங்கள். கழுவ வேண்டாம். ஈரம் உள்ளே அடைபடாமல் விட்டால் போதும்.

பையை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் முகப்பிலோ வாசல் சிமென்ட் தரையிலோ கவிழ்த்துக் கொட்டுங்கள். காட்டு உண்ணி, எறும்பு, ஒட்டுப்புல், நாயுருவி விதை எல்லாம் பையோடுதான் வரும். வீட்டு மெத்தையில் உண்ணி ஏறிவிட்டால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. டென்ட், மழைத்துணி, தரை விரிப்பு மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடியில் போடுங்கள். படுக்கைப் பையை (ஸ்லீப்பிங் பேக்) உறையிலிருந்து உருவி விரித்து விடுங்கள். ஷூவுக்குள் இருக்கும் மெத்தையட்டையை வெளியே எடுங்கள். டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றுங்கள். கேஸ் குப்பியை அடுப்பிலிருந்து திருகி எடுங்கள். தண்ணீர்ப் பைகளைக் கவிழ்த்து மூடியைத் திறந்து வையுங்கள்.

கடைசியாக, பையின் ஒவ்வொரு அறையிலும் கைவிட்டு மிச்சத் தின்பண்டத்தை எடுத்துவிடுங்கள். மறந்துபோன ஒரு கடலை மிட்டாய்க்காக எலி பையையே கடித்துத் துளைபோடும். இவ்வளவு செய்துவிட்டால், கழுவுவதை அடுத்த சனிக்கிழமை வரை தள்ளிப்போட்டாலும் பாதகமில்லை.

கழுவும் இடமும் தண்ணீரும்

பழைய கட்டுவீடு என்றால் உங்களுக்கு வசதி அதிகம். மூன்றாம் கட்டில் கிணற்றடியோ தொட்டியடியோ இருக்கும், அங்கே கழுவலாம். வளவு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் தூணுக்குத் தூண் கயிறு கட்டினால், டென்ட் உலர்த்த அதைவிடத் தோதான இடம் கிடையாது. நிழலும் இருக்கும், காற்றும் வரும். ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் ஈரத்துணி உரசினால் சுவரில் சாயம் ஏறும், துணியில் வெள்ளை ஒட்டும். ஆகவே ஒரு முழமாவது தள்ளிக் கட்டுங்கள். இரண்டாவது, பூஞ்சைக்காகக் கீழே சொல்லும் வினிகர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு எதையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சொட்டவிடாதீர்கள். அது சிமென்ட்டில் வார்த்த கல். அமிலம் பட்டால் மேற்பரப்பு அரித்து, பளபளப்பு போய், வெளுத்த திட்டு நிற்கும். அதைத் துடைத்து எடுக்க முடியாது. அந்த வேலையைப் பின்கட்டுச் சிமென்ட் தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கு வீட்டில் இருப்பவர்களுக்கு மொட்டை மாடிதான். காலை 8 மணிக்குள் அல்லது மாலை 5 மணிக்குமேல் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மத்தியான வெயிலில் தளம் காலே வைக்க முடியாதபடி சுடும். தண்ணீர் புகாமலிருக்க டென்ட் துணியின் உள்ளே கொடுத்த உள்பூச்சுக்கும் அந்தச் சூடு ஆகாது.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாய்த் திரளும். அந்தத் திரள் துணி இழைக்குள் தங்கி, பிறகு அழுக்கையும் ஈரத்தையும் பிடித்து வைக்கும். சோதிப்பது சுலபம். ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் எடுத்து நாலு சீவல் குளியல் சோப்பு போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் வெள்ளையாய் ஏடு மிதந்தால் கடினத் தண்ணீர். அப்படியானால் சோப்பைத் தவிர்த்து, வாசனை சேர்க்காத, சோப்பு கலக்காத மென்மையான கழுவு திரவத்தைப் பயன்படுத்துங்கள். முற்றத்து மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருக்கும் வீடு என்றால், கடைசி அலசலுக்கு அதுவே முதல்தரமான தண்ணீர்.

டென்ட்

முதலில் மழைத்துணி இல்லாமல் டென்ட்டை நிறுத்துங்கள். கதவைத் திறந்து, இரண்டு பேராகக் கம்பிச் சட்டத்தோடு தூக்கி, வாசல் கீழ்நோக்கி இருக்கும்படி சாய்த்து உதறுங்கள். மூலைகளில் தங்கிய மணலும் சருகும் விழுந்துவிடும். தனியாக இருந்தால் சின்னக் கைத்துடைப்பத்தால் பெருக்கி எடுக்கலாம். மணலை எடுக்காமல் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால், அந்த மணலே உப்புத்தாள் போல உள்பூச்சைச் சுரண்டும்.

செம்மண் ஒட்டியிருந்தால் அவசரப்படாதீர்கள். நம் பக்கத்துச் செம்மண்ணில் இரும்புச் சத்தின் சிவப்பு நைஸ் தூளாகக் கலந்திருக்கும். ஈரத்தோடு தேய்த்தால் அது இழைக்குள் இறங்கிக் கறையாகிவிடும். காயவிட்டு, பொருக்கை உதிர்த்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்தபிறகே தண்ணீர் காட்ட வேண்டும்.

அடுத்து தரைத்துணியில் ஓட்டை பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு டென்ட்டுக்குள் டார்ச்சைப் பற்றவைத்துத் தரையோடு தரையாகப் பிடித்து, வெளியிலிருந்து ஒருவர் பார்த்தால் ஊசி முனைபோல வெளிச்சம் கசியும் இடங்கள் தெரியும். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் முகாம் போட்டிருந்தால் சீமைக் கருவேல முள் ஒன்றாவது குத்தியிருக்கும். முள்ளின் நுனி ஒடிந்து துணியிலேயே தங்கும் வழக்கமும் உண்டு. விரலால் தடவினால் சுருக்கென்று தெரியும். இடுக்கியால் உருவி எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கழுவிக் காய்ந்தபின் ஒட்டுப் போடலாம்.

இனிக் கழுவுவது.

1. 5 லிட்டர் பச்சைத் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கழுவு திரவம் போதும். நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகும் என்று நினைக்க வேண்டாம், அலசும் வேலைதான் கூடும்.
2. மென்மையான ஸ்பாஞ்சை நனைத்து, அழுக்கு உள்ள இடத்தை மட்டும் துடையுங்கள். தரைத்துணியின் அடிப்பக்கமும் கதவின் கீழ் ஓரமும்தான் பெரும்பாலும் அழுக்காகும். பளபளவென்று பூச்சு உள்ள பக்கத்தில் பிரஷ் போடக் கூடாது.
3. பறவை எச்சம், மரப்பால் இருந்தால் ஈரத்துணியை 10 நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டுத் துடைக்கவும். நகத்தால் சுரண்ட வேண்டாம்.
4. நுரை முழுதும் போகும்வரை, குறைந்தது இரண்டு முறை, சுத்தத் தண்ணீரில் அலசவும்.
5. முறுக்கிப் பிழியாமல் தொங்கவிட்டுச் சொட்டவிடவும். நிழலில், காற்றோட்டத்தில்.

சித்திரையில் மழைத்துணி இரண்டு மூன்று மணி நேரத்தில் காயும். கார்த்திகையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் முழுக்கப் போட்டாலும் போதாமல் இருக்கும். துணி காய்ந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். முளை மாட்டும் நாடா வளையம், நான்கு மூலையின் தடித்த தையல், ஜிப்புக்கு மேலே மடித்த பட்டை, இந்த மூன்றும்தான் கடைசியில் காயும். அவற்றை விரலால் கிள்ளிப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

வாஷிங் மெஷின் வேண்டாம். சுழற்சியில் வலைத்துணி கிழியும், தையல் மேல் ஒட்டிய நாடா பெயரும். துணிப்பவுடரும் வேண்டாம். அதிலுள்ள சவர்க்காரப் பொருள் மிச்சம் தங்கினால், தண்ணீர் உருண்டு ஓடுவதற்காகத் துணியின் வெளிப்பக்கம் கொடுத்த பூச்சு வேலை செய்யாது. பிளீச், சுடுதண்ணீர், இஸ்திரி மூன்றையும் டென்ட் பக்கமே கொண்டுவராதீர்கள். வெயிலில் நாள் முழுக்கக் காயப்போடும் பழக்கமும் கூடாது. நைலானும் பாலியெஸ்டரும் புற ஊதாக் கதிரில் வலுவிழக்கும். வெயிலில் வெளுத்துப்போன துணி பார்வைக்கு முழுசாக இருக்கும், பலமாகக் காற்றடித்தால் காகிதமாகக் கிழியும்.

பூஞ்சை பிடித்துவிட்டால், காய்ந்த நிலையில் வீட்டுக்கு வெளியே மெதுவாகத் துலக்கி, ஒரு பங்கு வெள்ளை வினிகரும் நான்கு பங்கு தண்ணீரும் கலந்து அந்த இடத்தில் தடவி, 15 நிமிடம் கழித்து நன்றாக அலசுங்கள். வாடை போகும், பரவுவது நிற்கும். கறுப்புப் புள்ளி முழுதாக மறையாது. அதை மறைக்கிறேன் என்று தேய்த்துத் தேய்த்துத் துணியை நைந்துபோகச் செய்யாதீர்கள். புள்ளியோடு டென்ட் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

இன்னொரு கேடு உண்டு. டென்ட்டைப் பிரித்தால் துணி ஒன்றோடொன்று பிசுபிசுவென்று ஒட்டி, வாந்தி போன்ற ஒரு வாடை அடித்தால், அது அழுக்கு அல்ல. உள்ளே பூசிய பாலியூரிதேன் பூச்சு ஈரத்தாலும் சூட்டாலும் சிதைந்து போயிருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அது போகாது. தரைத்துணியில் கொஞ்ச இடம் மட்டும் என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் தேய்த்துப் பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு கொடுக்கலாம். மழைத்துணி முழுக்க அப்படி ஆகிவிட்டால் மழைக்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

தையல் நாடா ஓரத்தில் பெயர்ந்திருந்தால், பெயர்ந்த பகுதியை முழுவதும் உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, தையல் மூடும் பசையை மெல்லிசாகத் தடவி, ஒரு ராத்திரி காயவிடுங்கள். மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் மடிக்கும்போது ஒட்டாது. சிலிக்கான் பூசிய நைலான் துணிக்குச் சிலிக்கான் பசைதான் பிடிக்கும், பாலியூரிதேன் பசை காய்ந்ததும் தோலாக உரிந்துவரும். எது உங்களுடையது என்று வாங்கும்போது வந்த சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தபின் மழைத்துணி மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் சரி. துணி கறுத்து நனைந்தால் நீர்விலக்கும் ஸ்ப்ரே அடிக்க வேண்டிய நேரம். சுத்தமான துணியில், லேசான ஈரத்தோடு அடித்தால் சீராகப் பரவும்.

ஜிப், கம்பி, முளை

தொண்டி பக்கம் கடற்கரையில் தங்கித் திரும்பியிருந்தால், டென்ட்டில் முதலில் கவனிக்க வேண்டியது ஜிப். பல்லுக்கு இடையில் மணல் சிக்கி, இழுப்பானின் உள்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். தேய்ந்த இழுப்பான் பல்லை அழுத்திப் பூட்டாது. ஜிப்பை மூடிக்கொண்டே போவீர்கள், பின்னாலேயே அது வாய்பிளந்துகொண்டு வரும். ஜிப்பை முழுதும் திறந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு வரிசைப் பற்களையும் நல்ல தண்ணீரில் துலக்கிக் காயவிடுங்கள். அப்புறமும் இறுக்கமாக இருந்தால் வெள்ளை மெழுகுவர்த்தியைப் பல் மேல் ஒருமுறை உரசி, ஏழெட்டுத் தடவை மேலும் கீழும் இழுத்தால் இளகிவிடும். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. அன்றைக்கு வழுக்கும், அடுத்த பயணத்தில் அத்தனை புழுதியும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

வாய்பிளக்கும் ஜிப்பை உடனே மாற்ற வேண்டியதில்லை. இழுப்பானை ஜிப்பின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், அதன் ஒரு பக்கத்து ஓரத்தைக் கொறடாவால் மெதுவாக, மிக மெதுவாக, ஒரு நெருக்கு நெருக்குங்கள். பிறகு மறுபக்கம். மூடிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு நெருக்கு. பலமாக அழுத்தினால் இழுப்பான் விரிசல் விட்டுவிடும், அப்புறம் தையல்காரரிடம்தான் போக வேண்டும்.

அலுமினியக் கம்பிகளை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்து ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள். பொருத்து முனையில் மணல் இருந்தால் அது அடுத்தமுறை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கடல் உப்பு பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் கழுவாமல் வைக்கவே கூடாது. மடிக்கும்போது முனையிலிருந்து தொடங்காமல் நடுக்கண்ணியிலிருந்து மடியுங்கள். உள்ளே ஓடும் எலாஸ்டிக் வடத்தின் இழுவை இரண்டு பக்கமும் சமமாகும், நேரமும் மிச்சம். ஃபைபர் கம்பியில் நார் பிரிந்திருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சிலாம்பு கண்ணுக்குத் தெரியாது, விரலில் ஏறினால் நாள் கணக்கில் உறுத்தும்.

முளைகளைக் கழுவி நிமிர்த்தி, நன்றாகக் காயவைத்து, தனி உறையில் போடுங்கள். மண்ணோடு டென்ட்டுக்குள் சுருட்டினால் முளையின் கூர்முனை துணியைக் குத்தும்.

படுக்கைப் பையும் மெத்தையும்

படுக்கைப் பையை அடிக்கடி கழுவினால் உள்ளிருக்கும் பஞ்சு சப்பிப்போகும். வருஷத்துக்கு ஒருமுறை போதும். உடம்பு அழுக்கும் வியர்வையும் அதில் சேராமல் இருக்க, உள்ளே ஒரு பருத்தி உறை போட்டுக்கொள்வதே நல்ல வழி. பழைய எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்து இரண்டு பக்கமும் தைத்தால் ஆள் படுக்கும் உறை தயார். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அதை மட்டும் துவைத்தால் போதும்.

கழுவ வேண்டிய நாளில், பெரிய அண்டாவிலோ தொட்டியிலோ 20 லிட்டர் தண்ணீரும் இரண்டு டேபிள்ஸ்பூன் திரவமும் கலந்து, ஜிப்பை மூடிய பையை உள்ளே அமிழ்த்துங்கள். கசக்காமல், மாவு பிசைவதுபோல உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். அரை மணி நேரத்துக்குமேல் ஊறவேண்டாம். நுரை போகும்வரை மூன்று நான்கு தண்ணீர் மாற்றுங்கள்.

வெளியே எடுக்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால், தண்ணீர் குடித்த பஞ்சின் கனம் முழுவதும் கீழே இறங்கி, உள்ளே பஞ்சை அறை அறையாகப் பிரிக்கும் மெல்லிய தடுப்புத்துணிகள் கிழிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த குளிருக்குப் போகும்போது கால்பக்கம் பஞ்சு குவிந்து, மார்புப் பக்கம் வெறும் துணி கிடக்கும். தண்ணீருக்குள்ளேயே அமுக்கி முடிந்தவரை நீரை வெளியேற்றிவிட்டு, இரண்டு கையையும் அடியில் கொடுத்துக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல மொத்தமாகத் தூக்கி, நாடாக்கட்டிலில் பரப்புங்கள். கட்டில் அடியிலும் காற்றுப் போகும் என்பதால் கொடியைவிட அதுவே உத்தமம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, கட்டி கட்டியாய்த் திரண்ட பஞ்சை விரலால் பிரித்துவிடுங்கள். முழுதாகக் காய இரண்டு நாள் ஆகும்.

வாத்து இறகு அடைத்த பை வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் கழுவ எடுக்காதீர்கள். இறகு உள்ளே ஈரமாகவே இருந்து அழுகும். பங்குனிக்கு மேல் கழுவுங்கள், அல்லது உலர்த்தும் இயந்திரம் உள்ள சலவையகத்தில் குறைந்த சூட்டில் மூன்று டென்னிஸ் பந்தோடு சுழற்றச் சொல்லுங்கள். பந்து அடித்து அடித்து இறகுக் கட்டியைப் பிரிக்கும்.

காற்று மெத்தையை வாயால் ஊதுகிறவர்கள் உள்ளே மூச்சின் ஈரத்தையும் சேர்த்தே அடைக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் வால்வைத் திறந்து இரண்டு நாள் விரித்து வையுங்கள். காற்று இறங்கும் மெத்தை என்றால், நன்றாக ஊதி சோப்புத் தண்ணீரை ஸ்பாஞ்சால் தடவிக்கொண்டே வாருங்கள். முள் குத்திய இடத்தில் குமிழ் கிளம்பும். வால்வையும் மறக்காமல் தடவிப் பாருங்கள், பல சமயம் கசிவு அங்கேதான். ஒட்டுப் போடும் இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, காற்றை இறக்கி, ஒட்டியபின் நாலு செங்கல் வைத்து ஒரு ராத்திரி அழுத்தி வைத்தால் நிற்கும்.

அடுப்பும் பாத்திரமும்

விறகில் வைத்த பாத்திரத்தின் அடிக்கரி பற்றி நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாதது இல்லை. அடுப்பில் ஏற்றுமுன் வெளிப்பக்கம் ஈரச் சாம்பலோ ஈரமண்ணோ பூசிவிட்டால், கரி அதன்மேல் படிந்து ஒரே கழுவில் போய்விடும். பூசாமல் விட்டிருந்தால் எவர்சில்வரைத் தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு தேய்க்கலாம். நான்ஸ்டிக் சட்டிக்கு நார் ஆகாது, சுடுதண்ணீரில் ஊறவைத்து ஸ்பாஞ்சால் துடையுங்கள்.

எடை குறைவு என்பதால் முகாமுக்கு அலுமினியப் பாத்திரம்தான் அதிகம் போகும். அதற்கு இரண்டு எதிரி. சலவைச் சோடா கலந்த தூள் போட்டால் கறுத்துப்போகும், மேலே ஏற்றிய பாதுகாப்புப் படலத்தையும் காரம் தின்றுவிடும். புளிக்குழம்பையோ ரசத்தையோ ராத்திரி முழுக்க அதிலேயே விட்டால் புளிப்பும் உப்பும் சேர்ந்து ஊசிக்குழி போடும். புளி போட்டுத் தேய்ப்பதென்றால் ஐந்து நிமிடத்தில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஈரத்தோடு எவர்சில்வர் டம்ளரை அலுமினியச் சட்டிக்குள் அடுக்கி வைப்பதும் தவறு. இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அங்கே ஒரு சின்ன மின்கலம் உருவாகி, அலுமினியம் கரையும். காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராயப்படும் துறைகளில் இந்த உலோக அரிப்பும் பேட்டரியும் உண்டு. அதே சங்கதிதான் உங்கள் சமையல் பைக்குள் சின்ன அளவில் நடக்கிறது.

கேஸ் அடுப்பின் கழுத்தில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். வெடிப்பு, தட்டைத்தன்மை தெரிந்தால் மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் வெட்டவெளியில் குப்பியை மாட்டி, பற்றவைக்காமல், சோப்புத் தண்ணீரைக் கழுத்தில் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் அந்த அடுப்பைத் தொட வேண்டாம். தீக்குச்சி காட்டிச் சோதிக்கவே கூடாது. 230 கிராம் குப்பியில் எவ்வளவு மிச்சம் என்று தெரியவேண்டுமானால், புதிதாக வாங்கிய அன்றே சமையல் தராசில் நிறுத்து, அதில் 230ஐக் கழித்து வெறுங்குப்பி எடையைப் பேனாவால் அடியில் எழுதிவிடுங்கள். பிறகு எப்போது நிறுத்தாலும் மிச்சம் தெரிந்துவிடும். மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் வைத்திருந்தால் எண்ணெயை வடித்துவிட்டு, நிப்பிளின் துளையை ஊசியால் குத்தி, பம்ப்பின் தோல் வாஷரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள்.

தண்ணீர்ப் பை, வடிகட்டி, டார்ச்

தண்ணீர்ப் பையில் வழுவழுப்போ வாடையோ இருந்தால், லிட்டருக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, குழாயிலும் ஓடவிட்டு, அலசுங்கள். உள்ளே ஒரு கரண்டியைக் கொடுத்து வாய் ஒட்டாமல் விரித்துத் தொங்கவிட்டால்தான் காயும். வடிகட்டியை அழுக்குப் பக்கமிருந்து அல்லாமல் சுத்தப் பக்கமிருந்து சிரிஞ்சால் எதிர்த்திசையில் தள்ளிக் கழுவுங்கள். கடினத் தண்ணீரால் அடைத்திருந்தால் வெள்ளை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் திரும்பக் கழுவினால் ஓட்டம் திரும்பும்.

டார்ச்சுக்குள் பேட்டரி கசிந்து வெள்ளைப் பொருக்கு பூத்திருந்தால் அது காரம். கையுறை போட்டு, பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரியை நிறையவும் வைக்காமல் காலியாகவும் விடாமல், பாதி சார்ஜில் வையுங்கள்.

பையும் ஷூவும்

முதுகுப்பையின் தோள்பட்டையிலும் இடுப்புப் பட்டையிலும் வெள்ளையாய்க் கோடிட்டிருப்பது வியர்வை உப்பு. எலியைக் கூப்பிடுவது இதுதான். ஸ்பாஞ்சால் துடைத்து, ஜிப்களைத் திறந்து, தலைகீழாக நிழலில் தொங்கவிடுங்கள். ஷூவின் சேற்றைத் துலக்கி, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, நாளுக்கு இரண்டு முறை தாள் மாற்றுங்கள். வெயிலில் வைத்தால் அடிப்பகுதியின் பசை விட்டுவிடும். வருஷக்கணக்கில் போடாமல் பெட்டிக்குள் கிடந்த ஷூவை மலையேற நேராக எடுத்துப்போகாதீர்கள், நடுத்தட்டு நுரை உளுத்துப் பொடிப்பொடியாய் உதிரும். வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு எடுங்கள்.

எங்கே, எப்படி வைப்பது

மேல்மாடி அறையில் ஓட்டுக்கு அடியில் வைத்தால் கோடை முழுக்க அடுப்பாகக் காயும். காரின் டிக்கியில் கேஸ் குப்பியை மறந்துவிட்டுப் போவது இன்னும் ஆபத்து. 50 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று குப்பியிலேயே எழுதியிருக்கும், சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அது எளிதில் தாண்டும். தரைத்தளத்தில், தடித்த சுவர் உள்ள உள்ளறைதான் சாமான் வைக்க ஏற்றது. கேஸ் குப்பியை மட்டும் காற்றோட்டம் உள்ள வெளியிடத்தில், நிழலில் தனியாக வையுங்கள்.

டென்ட்டை அதன் இறுக்கமான உறைக்குள் திணிக்காமல், பழைய தலையணை உறையிலோ பருத்திச் சாக்கிலோ தளர்வாகப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மடிப்பில் மடித்தால் மடிப்புக்கோட்டில் பூச்சு வெடிக்கும், ஆகவே மாற்றி மாற்றி மடியுங்கள். படுக்கைப் பையைச் சுருட்டவே வேண்டாம், கொக்கியில் தொங்கவிடுங்கள். தானாக உப்பும் மெத்தையை வால்வு திறந்தபடி கட்டிலுக்கு அடியில் விரித்து வைக்கலாம். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் மிச்சமிருந்த ஈரம் உள்ளேயே நிற்கும்.

கரையான் ஏறும் என்பதால் எதையும் தரையிலோ சுவரோடு ஒட்டியோ வைக்காதீர்கள். இரும்பு டிரங்குப் பெட்டி, அடியில் நாலு கல், சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி. எலிக்கும் அந்தப் பெட்டியே பதில். பூச்சிக்கு நன்கு உலர்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து போடுங்கள். பச்சையாகப் போட்டால் அதுவே ஈரம். அந்துருண்டையின் நெடி படுக்கைப் பையில் ஏறினால் லேசில் போகாது, தவிர்ப்பது நல்லது.

செட்டிநாட்டு வீடுகளில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவதும், சீர் சாமானைச் சிட்டை எழுதி எண்ணி வைப்பதும் இன்றும் இருக்கிற வழக்கம். முகாம் சாமானுக்கும் அதையே செய்யுங்கள். கம்பிப்பையில், முளையுறையில், மழைத்துணியின் ஓரத்தில் அழியாத மையால் பெயர் எழுதுங்கள். நாலு குடும்பமாகப் போய்வரும்போது சாமான் மாறிப்போகாது. பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, முளை எத்தனை, கம்பி எத்தனை, எது பழுது என்று குறியுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறையும், பொங்கல் முடிந்து வானம் வெளுத்தபின் ஒருமுறையும் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அரை நாள் தாழ்வாரத்தில் காற்றாட விடுங்கள். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை துளியாவது வந்தால், அன்றைக்கே அந்தச் சாமானைத் தனியே எடுத்து, மறுபடி கழுவிக் காயவைத்த பிறகே பெட்டிக்குள் விடுங்கள்.